வெயிலில் காய்ந்த நான்கு செல்கள்

2024 நவம்பர் 13, புதன்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது. தூறலும் இல்லாமல் மழையும் இல்லாமல் நடுவில் ஒன்று பெய்துகொண்டிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடியில், எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே, முக்கால் கிலோ சங்கரா மீன் இருந்த பையோடு நான் நின்றேன். படி முப்பத்தாறு. ஏறி வந்ததில் மூச்சு இன்னும் அடங்கவில்லை. கதவிலிருந்த பூட்டில் விரலை வைத்தேன். வழக்கமாக நீல விளக்கு எரியும். எரியவில்லை.

என் விரல்ரேகை தேய்ந்துபோய்விட்டது. நாற்பது வருடம் பேப்பர் புரட்டிய விரல். பூட்டு மூன்றாவது தடவையில்தான் என்னை ஒப்புக்கொள்ளும். அதனால் மூன்று தடவை வைத்தேன். பிறகு ஆறு. பிறகு எண்களை அழுத்திப் பார்க்கலாம் என்றால், விளக்கு எரிந்தால்தானே எண்கள் தெரியும். கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

அந்தப் பூட்டு எங்கள் கதவுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். போன வருடம் நான் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தபோது என் மனைவிக்கு உள்ளே தலைசுற்றல் வந்துவிட்டது. தாழ்ப்பாள் போட்டிருந்தாள். பத்து நிமிடம் கழித்து அவளே எழுந்து வந்து திறந்தாள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகனிடம் இதை விளையாட்டாகச் சொல்லப்போக, அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் மாதம் பத்தொன்பது நாள் லீவில் வந்தான். வந்தவன் வீட்டையே மாற்றிவிட்டுப் போனான். சொன்ன பேச்சைக் கேட்கும் விளக்கு ஆறு, பிளக் இரண்டு, ஹாலில் கேமரா ஒன்று, பேசினால் பதில் சொல்லும் டப்பா ஒன்று, பெரிய டிவியோடு ஹோம் தியேட்டர் ஒரு செட்: ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஸ்டூல் உயரத்துக்கு உறுமும் பெட்டி ஒன்று. கடைசியாக இந்தப் பூட்டு. தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டைகளை மரத்தூள் குழைத்த மக்கு வைத்து அடைத்தாயிற்று. "இனிமே அம்மா உள்ள விழுந்தாக்கூட நான் இங்கேருந்தே கதவைத் திறந்துவிடுவேன்பா" என்றான்.

எல்லாமே எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஒரு விளக்கை அணைக்க அந்த டப்பாவைக் கெஞ்ச வேண்டியிருந்தது. என் தமிழ் அதற்குப் பாதி நேரம் புரியாது. என் மனைவியின் பேச்சு மட்டும் உடனே புரிந்தது. அவளுக்கு ஹோம் தியேட்டரில் சீரியல் பார்ப்பதில் அப்படி ஒரு ஆசை. "மாமியார் எனக்குப் பின்னாடி நின்னு திட்டற மாதிரியே இருக்குங்க" என்று சிரிப்பாள். காது கொஞ்சம் மந்தம் அவளுக்கு. அதனால் சத்தம் எப்போதும் முப்பத்தெட்டில் இருக்கும். நான் இருபத்திரண்டுக்குக் குறைப்பேன். அவள் மறுபடி முப்பத்தெட்டுக்கு ஏற்றுவாள்.

அந்தக் காலையிலும் முப்பத்தெட்டு. கதவுக்கு வெளியே நிற்கும் எனக்கு வசனம் ஒவ்வொன்றும் கேட்டது. காலிங் பெல்லை அழுத்தினேன். அதுவும் பூட்டோடு சேர்ந்தது, செத்துக் கிடந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், சீரியல்காரி. அவள் அழுகைக்கு நடுவே நான் தட்டுவது யாருக்குக் கேட்கும்? மனைவியின் போனுக்கு அடித்தேன். நான்கு தடவை முழுதாக அடித்து நின்றது.

ஒன்பது பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியவன் நான். தெருவில் மீன்காரம்மாவின் மைக் கூப்பிட்டது. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மொபெட்டில் வருபவள். சனிக்கிழமை கார்த்திகை பிறக்கிறது, அப்புறம் ஒரு மாதம் கவிச்சி கிடையாது, கடைசியாகச் சங்கரா வாங்கி வாருங்கள் என்று மனைவிதான் அனுப்பினாள். "நீங்க வர்றதுக்குள்ள குளிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். நான் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. ஐந்து எண்ணுவதற்குள் பூட்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். அன்று அது பூட்டிக்கொண்ட சத்தம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. மூச்சு வாங்குகிற சத்தம். கேட்டேன். கேட்டுவிட்டு இறங்கிப் போனேன்.

குளிக்கப் போகிறேன் என்று சொன்னவள் அரை மணி நேரமாகக் குளிக்கிறாள் என்பது ஒன்பது நாற்பத்தாறுக்குத்தான் என் மண்டையில் ஏறியது. உடனே மகனுக்கு அடித்தேன். அவனுக்கு அது முந்தின நாள் இரவு. தூங்கப் போயிருந்தான்.

"பூட்டு வேலை செய்யலப்பா. அம்மா திறக்க மாட்டேங்கறா."

"இருங்க, ஆப்ல பாக்கறேன்." ஆப்பைத் திறந்தான். "பூட்டு ஆஃப்லைன்னு காட்டுதுப்பா. செல் மாத்தச் சொன்னேனே, மூணு தடவை மெசேஜ் வந்துச்சுன்னு. மாத்தினீங்களா இல்லையா?"

"மாத்திட்டேன்பா" என்றேன்.

பொய்தான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பூட்டுக்கு நான்கு பென்சில் செல் வேண்டும். மகன் அங்கிருந்தே ஆர்டர் போட்டு ஒரு பாக்கெட் புதுச் செல் அனுப்பியிருந்தான். டிவி மேஜை டிராயரில் பிரிக்காமல் வைத்திருந்தேன். பூட்டில் இருந்த பழைய நான்கைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்கிலும் கடிகாரம் ஓடியது. ஓடுகிற செல்லை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மழைக்கு நடுவே கொஞ்சம் வெயில் அடித்தது. பால்கனிக் கம்பி ஓரம் ஒரு தட்டில் நான்கையும் காயவைத்தேன். என் அப்பா ரேடியோ செல்லை அப்படித்தான் காயவைப்பார். டார்ச் செல்லை நானும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன். ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாக உழைக்கும். திங்கட்கிழமை பார்த்தபோது நான்கும் டைனிங் டேபிளில் ஒரு துணி மேல் உலர்ந்து கிடந்தன. நானே எடுத்து வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் செய்ததும் செய்யாததும் கலந்துபோகிறது. பூட்டில் போட்டேன். நீல விளக்கு எரிந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி.

"சாவி எங்கப்பா? பூட்டோட ரெண்டு சாவி வந்துச்சே" என்றான் மகன்.

"பீரோவுல."

"ரெண்டுமா?"

"ரெண்டும் ஒரே கவர்ல. தனித்தனியா வச்சா தொலைஞ்சுடும்னு."

ஹால் கேமராவைப் பார்ப்பதாகச் சொன்னான். டிவி ஓடுகிறது, சோபாவில் யாரும் இல்லை, டீப்பாயில் அம்மாவின் கண்ணாடியும் போனும் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு அங்கிருந்தே ஹோம் தியேட்டரை அணைத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். நான் கதவில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. எங்கள் பாத்ரூம் வீட்டின் பின்கோடியில், வாசலிலிருந்து முப்பத்திரண்டு அடி தள்ளி. நடுவில் இரண்டு கதவு.

"அப்பா, பேசாதீங்க. கேமரா மைக்கை ஏத்தறேன்."

கேட்டது. என் கையிலிருந்த போனில் கேட்டது. முப்பத்திரண்டு அடி தூரத்தில் விழுந்து கிடந்தவளின் குரல் கடல் தாண்டி மகனிடம் போய், அங்கிருந்து திரும்பி என் காதுக்கு வந்தது. "என்னங்க... என்னங்க..." நடுநடுவே நிற்கும். மறுபடி, "என்னங்க."

மணி ஒன்பது ஐம்பத்தொன்று.

அவளுக்கு மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. அதிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை. காய் நறுக்கும்போது விரலில் ஒரு கீறல் விழுந்தால் இருபது நிமிடம் நிற்காது. தலையில் அடி படவே கூடாது என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அவள் எங்கே அடிபட்டுக் கிடக்கிறாளோ தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நிமிடம் ஓடுகிறது என்பதுதான்.

கதவைத் தோளால் இடித்தேன். எழுபத்து நான்கு வயதுத் தோள். கதவோ தேக்கு, ஒன்றரை அங்குலம், நான் நின்று பார்த்து இழைக்கவைத்தது. எதிர் வீட்டுப் பெண் வெளியே வந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள், காதில் ஹெட்போன் மாட்டியபடி.

"என்ன அங்கிள், என்னாச்சு?"

"உள்ள விழுந்துட்டாம்மா. கதவு திறக்கல."

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு 108-க்கு அடித்தாள். தெளிவாக விலாசம் சொன்னாள், மாடி சொன்னாள், ரத்த மாத்திரை சொன்னாள். என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. கேம்ப் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், அரை மணி ஆகும் என்றார்களாம். பிறகு உள்ளே ஓடி அவள் கணவனின் டம்பெல் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஐந்து கிலோ. நான் அதைப் பூட்டின் மேல் ஓங்கினேன்.

"அப்பா, வேணாம்" என்று போனில் மகன் கத்தினான். "வெளிப்பக்கத்தை உடைச்சீங்கன்னா அப்புறம் யாராலயும் திறக்க முடியாது. பூட்டோட நாக்கு உள்ள மாட்டிக்கும்."

ஓங்கிய கையை இறக்கினேன். இறக்கும்போது டம்பெல் என் செருப்பின் ஓரத்தில் விழுந்தது. காலில் விழுந்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

பூட்டு கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரை எதிர் வீட்டுப் பெண் கண்டுபிடித்து அடித்துக் கொடுத்தாள். தமிழுக்கு மூன்றை அழுத்து என்றது. அழுத்தினேன். ஆறு நிமிடம் வீணை வாசித்தார்கள். கடைசியில் ஒரு இளம் குரல். நல்ல பிள்ளைதான். பூட்டின் சீரியல் நம்பர் கேட்டான்.

"அது பூட்டுக்கு உள்பக்கம் இருக்கு தம்பி. நான் வெளிப்பக்கம் இருக்கேன்."

"பில் காப்பி இருக்குங்களா சார்?"

"அதுவும் உள்ள."

"சார், நான் கம்ப்ளைன்ட் எடுத்துக்கறேன். நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள டெக்னீஷியன் கூப்பிடுவாங்க."

நாற்பத்தெட்டு மணி நேரம். என் மனைவிக்கு நான் கணக்கிட்டிருந்தது நாற்பத்தெட்டு நிமிடம்கூட இல்லை. போனை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். என் போனில் மகன் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். கேமரா வழியே, ஹாலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்க. "அம்மா, தூங்காத. பேசிட்டே இரு. அப்பா வாசல்லதான் இருக்காரு." அதற்கு அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "அவரு குடை எடுத்துட்டுப் போனாராப்பா?"

அப்போது கரண்ட் போயிற்று.

மாடிப்படி விளக்கு அணைந்தது. போனில் அவள் குரல் நின்றது. வைஃபை போனால் கேமரா போகும் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தும், நின்றது கேமராவா அவளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மகன் "அப்பா, அம்மா பேசல" என்றான். "கரண்ட் போச்சுப்பா" என்றேன். "கரண்டா, நிஜமாவா?" என்று மறுபடி மறுபடி கேட்டான். அவன் அழுவதைப் பதினோரு வயதுக்குப் பிறகு நான் அன்றுதான் கேட்டேன். மணி பத்து ஆறு. அடுத்த மூன்று நிமிடங்களைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது. கதவின் அடி இடுக்கில் வாயை வைத்து அவளைக் கூப்பிட்டேன். அந்த இடுக்கிலும் பூச்சி வராமலிருக்க நான் ரப்பர் பட்டை அடித்திருந்தேன்.

படியில் ஈரச் செருப்புச் சத்தம். மீன்காரம்மா. கையில் என் குடை.

"இன்னா சார், மீனை வாங்கினு கொடைய வுட்டுட்டு வந்துட்டியே. நாலு தபா கூவினேன், திரும்பிப் பாக்காம போய்ட்ட." பிறகு நான் தரையில் கிடப்பதைப் பார்த்தாள். "ஐயே, இன்னா இது? யார்னா அட்சிட்டாங்களா?"

எதிர் வீட்டுப் பெண் இரண்டு வரியில் சொன்னாள். ஆன்ட்டி உள்ளே விழுந்துகிடக்கிறார், பூட்டில் சார்ஜ் இல்லை, திறக்கவில்லை.

"சார்ஜ் எறங்கிகீதா? அவ்ளோதானே? சார்ஜ் போடு."

"உள்ள செல்லு போடற பூட்டும்மா. வெளியேருந்து எப்படிப் போடறது?" என்றேன். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது.

"போன் மாரி கண்ணாடில்லாம் வெச்சுகீறான், சார்ஜ் போட ஓட்டை மட்டும் வெக்காம வுட்டுருவானா? நல்லாப் பாரு சார்."

போனில் இருந்த மகன் அதைக் கேட்டுவிட்டான். "அப்பா, ஒரு நிமிஷம்" என்றான். எதையோ தேடும் சத்தம். "அப்பா, இருக்கு. மேனுவல்ல இருக்கு. பூட்டுக்கு அடிப்பக்கம், தரையைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஓட்டை. போன் சார்ஜர் ஒயர் போகும். எனக்கு ஏன் தோணல... பாருங்கப்பா."

எதிர் வீட்டுப் பெண் போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே அங்கிள். கறுப்பா மூடித்தான் இருக்கு."

மூடித்தான் இருந்தது. மூடியவன் நான். ஜூலை மாதம், மகன் ஊருக்குப் போன இரண்டாவது வாரம், அந்த ஓட்டைக்குள் எறும்பு போவதைப் பார்த்தேன். இரண்டு அடுக்கு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, நகத்தால் தேய்த்து ஓரம் தெரியாமல் செய்திருந்தேன்.

"அது டேப்பும்மா. நான் ஒட்டினது."

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். மீன்காரம்மா இடுப்புப் பையிலிருந்து செதில் சுரண்டும் சின்னக் கத்தியை எடுத்தாள். ஒரே கீறல். டேப் கத்தியோடு வந்தது. அதே பையிலிருந்து ஒரு பவர் பேங்க், வெள்ளை ஒயர் சுற்றியபடி. "நாளு பூரா போன்லதான் காசு வாங்கறோம். சார்ஜ் போச்சுன்னா பொழப்பு போச்சு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே ஒயரைச் செருகினாள். மீன் செதில் ஒன்று ஒயரின் நுனியில் ஒட்டியிருந்தது. அதைக்கூட நான் பார்த்தேன்.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றாள் எதிர் வீட்டுப் பெண், மெதுவாக. "தோணவே இல்ல."

நீல விளக்கு எரிந்தது.

விரலை வைத்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. மீன் ஈரம். வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். இல்லை. "நம்பர் போடுங்கப்பா" என்றான் மகன். ஆறு எண்களில் நான்காவது எனக்கு மறந்துவிட்டது. எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு. அவனே சொன்னான். அழுத்தினேன். பூட்டு திறந்த சத்தம் கேட்டபோது மணி பத்து பதினான்கு. நான் வெளியே நின்றது முப்பத்து நான்கு நிமிடம்.

பாத்ரூம் கதவைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தாள். பக்கவாட்டில் கிடந்தாள். தலைக்குக் கீழே ரத்தம், தண்ணீரோடு கலந்து வடிகால் ஓட்டை வரைக்கும் போயிருந்தது. கண் திறந்திருந்தது. மீன்காரம்மா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கொடியில் கிடந்த நைட்டியை அவள் மேல் போர்த்தினாள். என் துண்டை மடித்துத் தலையில் அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணியும் இல்லக்கா. நான் கீறேன். ஆடாத." என் மனைவி என்னைப் பார்த்து, "மீன் வாங்கிட்டீங்களா?" என்றாள்.

ஆம்புலன்ஸ் பத்து முப்பத்தொன்றுக்கு வந்தது. முப்பத்தாறு படியிலும் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் நான் மகனுக்கு நேரம் சொல்லிக்கொண்டே போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கு உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தது. இன்னொரு மணி நேரம் விட்டிருந்தால் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு தையல். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் சத்தம் தாங்கவில்லை. ஹோம் தியேட்டரை இருபத்திரண்டில் வைத்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்கிறாள். இப்போது பன்னிரண்டில் ஓடுகிறது. ஏற்ற வேண்டும் என்று அவள் கேட்பதில்லை.

ஆறாவது நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று மகனிடம் சொன்னேன். புதுச் செல் போடவில்லை, பழையதைக் காயவைத்துப் போட்டேன் என்று. பிறகு சொன்னான்: "சரிப்பா. அம்மாகிட்ட சொல்ல வேணாம்."

சொல்லாமல் இருக்க முடியுமா? நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம். வீட்டுக்கு வந்த அன்று மாலை, கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னேன். இந்த முறை பொய் கலக்காமல். டிராயரில் இருந்த பாக்கெட், சுவர்க் கடிகாரம், பால்கனித் தட்டு, டேப், எல்லாம்.

அவள் கஞ்சியை விழுங்கிவிட்டு, "தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தூறல் போட்டுதே. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. செல்லு நனையப்போவுதேன்னு நான்தான் எடுத்துத் துடைச்சு டேபிள்ல வச்சேன். கஷ்டப்பட்டுக் காயவச்சிருக்காரேன்னு."

கிண்ணத்தை நான் பிடித்திருந்தேன். அவள் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, கிண்ணம் சாயாமல் நிமிர்த்தினாள். "கொட்டப்போவுது" என்றாள்.

மறுநாள் டிராயரைத் திறந்து அந்தப் பாக்கெட்டைப் பிரித்து நான்கு புதுச் செல்களையும் பூட்டில் போட்டேன். சாவி ஒன்று இப்போது எதிர் வீட்டில் இருக்கிறது. மீன்காரம்மாவுக்குப் புது பவர் பேங்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "எனுக்கு எதுக்கு சார், நம்மளுது நல்லாத்தான் கீது" என்றவள், நான் நகராமல் நிற்பதைப் பார்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மருத்துவமனைக்கு, இன்சூரன்ஸ் கொடுத்தது போக, எண்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. மருந்துக்கும் வெளியே எடுத்த ஸ்கேனுக்கும் இருபத்தேழாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள மூன்று கம்பி பதிக்க நாலாயிரத்து இருநூறு. பாத்ரூம் கதவை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி கைப்பிடி மாற்ற அறுநூற்று ஐம்பது. பவர் பேங்க் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. யாரும் சமைக்காமல் வாசலிலேயே கெட்டுப்போன சங்கரா முந்நூற்று எண்பது. மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று ஏழு ரூபாய்.